லிங்க்ட்இன் விஷயமா, எல்லாரும் படிச்சிடுங்க

வணக்கம் மக்களே. ரெஃபரல் (அவங்க கம்பெனில வேலைக்கு சிபாரிசு) கேக்குறேன்னு சீனியர்ஸை நம்மாளுங்க படுத்துற பாட்டுல ரெண்டு பேரு குரூப்பை விட்டே போயிட்டாங்க, அதான் இது.

1. வெறும் கனெக்ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பாதீங்க. எந்த பேட்ச், எந்த டிபார்ட்மென்ட்னு ரெண்டு வரி நோட் போடுங்க. ஃப்ரீ அக்கவுண்ட்ல மாசத்துக்கு கொஞ்சம் நோட்தான் விடுவாங்க, பாத்து செலவு பண்ணுங்க.

2. அக்செப்ட் பண்ண அடுத்த நிமிஷமே ரெஸ்யூமேவை தள்ளாதீங்க. ஜாப் லிங்க்கோட, நீங்க ஏன் அதுக்கு செட் ஆவீங்கன்னு எழுதி, ரெஃபர் பண்ண முடியுமான்னு கேளுங்க. பதில் வரலைன்னா ஒரு வாரம் விட்டு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதோட விட்டுடணும். வெறும் "ஹாய்" போட்டுட்டு உக்காந்திருக்கிறது ரொம்ப கடுப்பு.

3. வேலைல இருந்துட்டே தேடுறவங்க "ஓப்பன் டு வொர்க்"கை (வேலை தேடுறேன்னு ப்ரொஃபைல்ல காட்டுற செட்டிங்) ரெக்ரூட்டர்ஸுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்குறவங்களுக்கு மட்டும்னு வைங்க. அப்பவும் உங்க கம்பெனி கண்ணுல படாதுன்னு லிங்க்ட்இன்னே கேரண்டி தர்றதில்ல.

4. அடுத்தவங்க நம்பரை கேக்காம ஷேர் பண்ணாதீங்க.

வர்ற ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு கூகுள் மீட்ல ப்ரொஃபைல் பாத்து சொல்றோம். வர்றவங்க வெள்ளிக்குள்ள பேரு, பேட்ச் போடுங்க. கட்டைவிரல் மட்டும் போட்டா கணக்குல வராது.