எம்.ஜி.பி.யை விற்பதா, வைத்துக்கொள்வதா?

அன்புள்ள ரகு,

உன் கடிதமும் ஆறு படங்களும் கிடைத்தன. முழங்கால் தேறி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஹாரோ வீட்டை விட்டு மகள் வீட்டுப் பக்கம் போவதும் நல்ல முடிவுதான். புது வீட்டில் கராஜ் இல்லை, 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை, அந்தத் திறந்த இரண்டு சீட் காரை, இந்தக் கோடையிலேயே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னைச் சுற்றி எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள் போலிருக்கிறது. நீ அதைக் கடைசியில் பார்த்தால் போதும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. அபூர்வம் என்ற காரணத்துக்காக இதன் விலை ஏறப்போவதில்லை. உதிரிபாகம் தாராளமாகக் கிடைப்பதால் வைத்திருப்பதும் பெரிய கஷ்டமில்லை. முழு பாடி ஷெல்லையே விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதிதாகச் செய்து தருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த இரண்டு சில்களும் நடுவில் கியர்பாக்ஸ் போகும் டனலும்தான். சில்லில் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. அடியில் நீளமாக ஓடும் காஸில் ரெயில் என்ற தகடு. குளிர்காலச் சாலை உப்பும் சேறும் உள்ளே புகுந்து, தண்ணீர் வடியும் துளைகளும் அடைத்துக்கொண்டால், துரு உள்ளிருந்துதான் தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். உன் மூன்றாவது படத்தில், கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு கொப்புளம் தெரிகிறது. எனக்குக் கவலை அதில்தான்.

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லின் அடி விளிம்பிலிருந்து மேலே மெதுவாக நகர்த்திப் பார். காந்தம் வழுக்கி விழும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. அடுத்து முன் விங்கின், அதாவது முன் சக்கரத்தை மூடும் தகட்டின், கீழ் முனை. சரியாகப் போட்ட சில் விங்குக்குப் பின்னாலும் தொடர்ந்து உள்ளே ஓடும். விங்கின் ஓரத்திலேயே நின்றுவிட்டால், பழைய அழுகலின் மேல் இன்னொரு தகட்டை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லை முறையாக மாற்ற முன் விங்கைக் கழற்றி, பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பித்தான் பலர் மூடிவிடுகிறார்கள்.

பிறகு ஜாக்கிங் பாயிண்டில் ஜாக் வைத்து ஒரு பக்கம் சக்கரம் தரையை விடும்வரை தூக்கு. கதவைத் திறந்து மூடு. தரையில் நின்றபோது மூடியதுபோலவே மூட வேண்டும். உரசினாலோ இடைவெளி மாறினாலோ சில் பாரம் தாங்கவில்லை. ஜாக்கே தகட்டுக்குள் புதைந்தால் மேலே தூக்காதே, அதுவே பதில். வெறும் ஜாக்கை நம்பி அடியில் தலையை நீட்டாதே. சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கி, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் பெட்டிகளையும் பார். ஆசிட் சிந்திச் சிந்தி அடித்தட்டு ஓட்டையாகியிருப்பது சகஜம்.

எஞ்சினைப் பற்றி நீ எழுதியது நீளம், என் பதில் சின்னது. 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. நன்றாகச் சூடான பிறகு 3000 ஆர்.பி.எம்.மில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் பேரிங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு சீட் உள்ளே அமுங்குகிறது. ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட வேண்டியதுதான். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸை அது அரித்துவிடும். ஆர்9 தரத்து ஹோஸ் மாற்று, சூப்பர் கிரேடில் ஈ5 போடு.

மேல் கியரில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் சில நாள் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். யூனிட்டே போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதே. அது கியர்பாக்ஸ் ஆயிலில்தான் ஓடுகிறது. முதலில் ஆயில் அளவைப் பார், குறைந்தால் எஞ்சினுக்குப் போடும் 20டபிள்யூ-50யே போதும். அடுத்து கியர்பாக்ஸ் மேலுள்ள, மேல் கியரில் மட்டும் அதை இயங்கவிடும் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச், அதற்குப் போகும் ஒயர், எர்த். பெரும்பாலும் குறை இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். விற்பதானாலும் இதைச் சரிசெய்துவிட்டு விற்பனைக்கு வை. ஓவர்டிரைவ் வேலை செய்யாத எம்.ஜி.பி.யின் விலையைத் தயங்காமல் குறைத்துக் கேட்பார்கள்.

இனி முடிவு. சில் இரண்டும் நல்லபடி இருந்தால், ரகு, விற்காதே. மற்றதில் பெரும்பாலானவை போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற சாமான். ஆனால் மேலே கூரை உள்ள ஓர் இடத்தைப் புது வீட்டுக்கு அருகில் வாடகைக்குப் பிடி. வெளியே கவர் போட்டு நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கி இரண்டு குளிர்காலத்தில் நாசமாகிவிடும். வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் தவறு. ஆயில் சூடாகாமல் எக்ஸாஸ்டிலும் எஞ்சினடியில் ஆயில் தங்கும் சம்ப்பிலும் தண்ணீர்தான் சேரும். மாதம் ஒரு தடவை 20 மைலாவது ஓட்டு. நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை விட்டு சக்கரத்துக்குக் கட்டை வை, இல்லாவிட்டால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அடி. பாரத்தோடு நின்றால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கிளட்ச் மேல் காலை ஊன்றி ஓட்டாதே. ரிலீஸ் பேரிங் கார்பன், தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும்.

அரசாங்கச் செலவு அநேகமாக இல்லை. 40 வருஷம் தாண்டியதால் ஹிஸ்டாரிக் பிரிவில் சாலை வரி கிடையாது, லண்டனில் புகை மாசுக்காக வாங்கும் யூலெஸ் கட்டணமும் கிடையாது. ஆனால் லாக் புக்கில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், அந்தப் பிரிவு பதிவாகியிருக்கிறதா என்று பார், தானாக மாறாது. எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை என்றாலும் வருஷம் ஒருமுறை செய்துகொள். அடியில் வேறொருவர் கண் பட வேண்டும்.

சில் போயிருந்தால் விற்றுவிடு, அதுவும் அப்படியே விற்றுவிடு. கதவை மாட்டி வைத்து, கதவு இடைவெளிக்குக் குறுக்கே கம்பி வெல்ட் செய்து, காரைச் சமமாகத் தாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. இல்லையென்றால் பாடி நடுவில் தொய்ந்து, கதவு ஒருநாளும் சரியாக மூடாது. அந்தச் செலவு விலையில் திரும்பி வராது. விற்பதற்காகப் பெயின்ட் மட்டும் அடிக்காதே. புதுப் பெயின்டைப் பார்த்தாலே தெரிந்தவர்கள் காந்தத்தை எடுப்பார்கள். அடிப்பாகத்தின் படம், ரசீதுகள், பழைய எம்.ஓ.டி. தாள்கள் எல்லாவற்றையும் முன்னாலேயே காட்டு. ஜிஎச்என்5 என்று தொடங்கும் சேஸிஸ் நம்பர் லாக் புக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள். குரோம் பம்பர் கார் என்பது உனக்குச் சாதகம், 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்த பிறகானவை அந்த விலைக்குப் போவதில்லை. விற்ற பணத்துக்கு கேபிடல் கெயின்ஸ் வரி இல்லை, ஆகவே அதை நினைத்து அவசரப்பட வேண்டாம். இதுவரை செலவழித்ததையும் கணக்கில் சேர்க்காதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். ஆக்சில் ஸ்டாண்ட் நாலும், காந்தமும், கம்ப்ரஷன் கேஜும் என்னிடம் இருக்கின்றன. வெள்ளி இரவு காரை வெளியே எடுக்காதே, அடிப்பாகம் காய்ந்திருந்தால்தான் பார்க்க முடியும். சீட்டுக்குப் பின்னாலுள்ள கார்பெட்டை மட்டும் கழற்றி வை.

அன்புடன்,
மணி