மகளிர் வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதம் ஒரு கூட்டம் நடந்தது. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டு முழுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியே படித்தோம். "தெரிந்தவர்தானே" என்று முதல் கூட்டத்தில் சிலர் கேட்டது நியாயம்தான். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர், தேவதாசி முறையை எதிர்த்தவர், அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் கண்டவர் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பெண்களின் ஓட்டுக்காகவும் அவர் வாதாடினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். அது எனக்கு உறுத்தியது. அதனால் பாதிக் கூட்டங்களை அதற்கே ஒதுக்கினோம்.

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணங்களிடம் விட்டது. 1921இல் சென்னை மாகாணம் முதலில் தந்தது. ஆனால் சொத்து, வரி என்று தகுதி வைத்தார்கள். சொத்து யார் பெயரில் இருந்தது? அன்று பேச்சு நேரம் தாண்டிப் போனது. "என் பாட்டி வாழ்நாளெல்லாம் வயலில் நின்றவர், பட்டாவில் பெயர் இல்லை" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் முத்துலட்சுமி சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியை விட்டார். 1933இல் பெண்கள் அமைப்புகளின் சார்பில் அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலியுடன் லண்டன் போய், இந்தியாவுக்கான புதிய சட்டத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் சாட்சியம் அளித்தார். ஓட்டுரிமை உள்ளவரின் மனைவி என்ற தகுதியில் ஓட்டு தரும் யோசனையைப் பெண்கள் அமைப்புகள் ஏற்கவில்லை. கணவர் வழியாக வருவது எப்படி இவர்கள் உரிமையாகும்? ஆனாலும் 1935 இந்திய அரசுச் சட்டம் அந்தத் தகுதியையே வைத்தது. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தலில் சென்னை வாக்களித்தபோது முத்துலட்சுமிக்கு 65 வயது.

வரும் ஆண்டில், 18 வயது நிறையும் பெண்களுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்ப உதவலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்