தம்பியின் கண்ணைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

வில்லாபுரத்து அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

என் தம்பி சுங்குடிச் சேலைக்குத் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அங்கே ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு 50 சதவீதம். பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான். வெயிலில் கிடந்த கேனுக்குள் பிராணவாயு சேர்ந்து உப்பியிருந்திருக்கிறது. மூடியைத் திருகியதும் முகத்திலும் நெஞ்சிலும் பீய்ச்சியடித்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா ஹோஸ் பைப்போடு ஓடிவந்திருக்கிறார். தாய்ப்பால் விடலாம், ரோஸ் வாட்டர் விடலாம் என்று ஆளுக்கொன்று சொல்ல, "தண்ணியைத் தவிர ஒண்ணும் விடக்கூடாது, தள்ளுங்க" என்று அதட்டியிருக்கிறார். இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி முழுசாக 20 நிமிஷம். இவன் கத்துகிறான், திமிறுகிறான், அக்கா விடவில்லை. அக்கா, அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று டாக்டரே சொன்னார்.

பக்கத்துப் பட்டறை அண்ணன் அதற்குள் சட்டையைக் கிழித்துக் கழற்றிவிட்டார். யாரோ அதைப் பஞ்சு வேஸ்ட் குவியலில் எறியப் போக, பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் முக்கினாராம். பெராக்ஸைடு ஊறிய துணி காயும்போது தானே பற்றிக்கொள்ளும். சிந்தியதை உறிஞ்ச மரத்தூள் அள்ளிவந்த பையனையும் அதனால்தான் திருப்பி அனுப்பிவிட்டு, தரையைத் தண்ணீர்விட்டே அலசியிருக்கிறார். என் தம்பிக்கு இதையெல்லாம் வேலையில் சேர்ந்த அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சரி, அது வேறு பேச்சு.

நெஞ்சுத் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து அம்மா அலறிவிட்டார். தோலுக்குள் வாயுக் குமிழி சேர்ந்ததால் வந்த வெளுப்பு, தானாகப் போய்விடும் என்று பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். சாயங்காலத்துக்குள் போயும்விட்டது. எரிச்சல் மட்டும் ராத்திரி வரை இருந்தது.

கண் டாக்டர் ஆரஞ்சு நிற மருந்து விட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் பச்சையாக ஒரு சின்னப் புண் தெரிந்தது. பெராக்ஸைடு பட்ட கண்ணில் சில நாள் கழித்தும் புண் வரலாம் என்பதால், "நல்லாயிருச்சுன்னு வராம இருந்திராதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னார். தவறாமல் போய்க் காட்டினோம். புண் ஆறிவிட்டது, பார்வைக்குக் குறையில்லை.

அப்புறம், தெற்குவாசல் பாலத்து நெரிசலில் ஹாரனை அழுத்தியபடியே கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோ அண்ணன். காசும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்; தம்பி நேரில் பார்க்க வேண்டும் என்கிறான்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா