தவளையின் காய்ச்சல் தானாகவா இறங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார அறிவியல் பக்கத்தில், தவளைக்கும் காய்ச்சல் உண்டு என்ற கட்டுரையை ஆசையாகப் படித்தேன். காய்ச்சலைத் தூண்டும் வேதிப்பொருளான புராஸ்டாகிளாண்டின் ஈ1 செலுத்தப்பட்ட தவளை வெதுவெதுப்பான இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்ட 1977-ஆம் ஆண்டுச் சோதனையை அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில், அதன் விளைவு சிறிது நேரத்தில் 'தானாக மறைந்துவிடும்' என்று ஒரு வரி. அந்தத் 'தானாக' எனக்குப் பொறுக்கவில்லை.

புராஸ்டாகிளாண்டினை அடக்குவதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. முதல் அடி கொடுப்பது 15-ஹைட்ராக்சி புராஸ்டாகிளாண்டின் டிஹைட்ரஜனேஸ். பெயர்தான் நீளம், செய்கிற வேலை சின்னது. 20 கார்பன் கொண்ட அந்த மூலக்கூறில், 15-ஆவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலைக் கீட்டோனாக மாற்றிவிடுகிறது. அதோடு அதன் வீரியம் பெரும்பாலும் போயிற்று. அப்புறம் இன்னொரு நொதி வந்து 13-க்கும் 14-க்கும் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பை ஒற்றையாக்கும்.

ஆய்வகத்தில் பல வருடம் திசு அரைத்தவன் நான். பனிக்கட்டியில் புதைத்த குழாயில் அரைத்து, மையவிலக்கியில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் புராஸ்டாகிளாண்டினும், இந்த நொதி வேலை செய்யத் தேவையான துணைப்பொருளான என்ஏடியும் சேர்த்து வைப்போம். முடிவில் காரம் விட்டதும், நொதி உண்டாக்கிய கீட்டோனால் செம்பழுப்பு நிறம் எழும்பும். எழும்பிய வேகத்தில் வெளிறவும் தொடங்கிவிடும். அதற்குள் 500 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அந்த நிறத்தை அளவு எடுத்தாக வேண்டும். நுரையீரல் என்றால் தாராளமாக நிறம் காட்டும். தவளையின் தண்டுவடமோ கைக்கு அகப்படுவதே கொஞ்சம். பல தவளைகளுடையதைச் சேர்த்தால்தான் ஒரு குழாய்க்குக் காணும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் மனசு பதறும்.

வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் இந்த நொதி மிகக் குறைவு. அங்கே சேரும் புராஸ்டாகிளாண்டின் இரத்தத்துக்குக் கடத்தப்பட்டு, நுரையீரல் போன்ற இடங்களில் சிதைகிறது. தவளைக்கும் அதே கணக்கு என்று எழுதிவிடக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். அதையும் 37 டிகிரியில் அளந்தால் சரிவராது. தவளையின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது, குளிர்ந்தால் நொதியின் வேகமும் விழும். போதாததற்கு 9-கீட்டோரிடக்டேஸ் என்று ஒன்று, புராஸ்டாகிளாண்டின் ஈ2-வை எஃப்2 ஆல்ஃபா என்ற இன்னொரு வகைப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றிவிடும். ஒன்றை அழித்ததாகத் தோன்றும் இடத்தில் வேலை செய்யக்கூடிய வேறொன்று பிறந்திருக்கும். இது எத்தனை நுட்பமான ஏற்பாடு!

ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல் காட்டியதை எல்லோரும் எழுதுகிறார்கள். உண்டானதை எது அழிக்கிறது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 2015-இல் எலிகளில் இந்த டிஹைட்ரஜனேஸைத் தடுத்தபோது, சேதமடைந்த திசுக்கள் விரைவாக மீண்டு வளர்ந்தன. அத்தனை முக்கியமான நொதி இது. அடுத்த முறை 'தானாக' என்று எழுத வரும் இடத்தில் இதன் பெயரைப் போடுங்கள். நீளமாக இருந்தாலும் மாணவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்