ஒரு நூல் வித்தியாசம்: எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவருக்கு

ஐயா, வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. காரை என்னிடம் விற்றவர் உங்களிடமிருந்து வாங்கி ஏழெட்டு மாதம்கூட வைத்திருக்கவில்லை. உங்களைப் பற்றிக் கேட்டால், "பெரியவர், எல்லா வேலையும் அவரே பார்த்துக்கொள்வார்" என்பதற்குமேல் அவரிடம் பதில் இல்லை. ஆனால் நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றிப் பார்த்தபிறகு உங்களோடு பல வருடம் பழகியதுபோல் இருக்கிறது. எந்த நட்டில் ஸ்பானர் வழுக்கியது, எந்த இடத்தில் பொறுமை போனது, எங்கே நாள் முழுக்க உட்கார்ந்து ராவினீர்கள் என்று எல்லாமே உள்ளே தெரிகிறது.

முதலில் சண்டையைப் போட்டு முடித்துவிடுகிறேன்.

பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயரில் காற்று பார்த்தேன். டிரம்முக்குள் விரிந்து உரசும் ஷூவைத் திரும்பத் திரும்ப அட்ஜஸ்ட் செய்தேன். ஷூவின்மேல் உரசும் பட்டையான லைனிங்கில் கிரீஸ் பட்டிருக்குமோ என்று வலப்பக்க டிரம்மை மூன்று முறை திறந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில், பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளி ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர்களில் முன்சக்கரத்தின் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். போல்ட் ஓட்டையும் ரப்பர் பூட்டும் ஒரே மாதிரி. பிஸ்டனை வெளியே எடுத்தபோதுதான் இடப்பக்கத்துப் பிஸ்டன் உள்ளங்கையில் கொஞ்சம் கனத்தது. வெர்னியரில் வைத்தேன். வலது 22.2 மி.மீ., இடது 25.4 மி.மீ. பட்டறைக் கணக்கில் ஒன்று ஏழு நூல், மற்றது எட்டு நூல்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

ஒரு நூல்தானே என்று நினைத்திருப்பீர்கள். விட்டத்தில் ஒரு நூல்தான். ஆனால் ஆயில் தள்ளுவது பிஸ்டனின் பரப்பை. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் இடப்பக்க ஷூவுக்கு 30 சதவீதம் கூடுதல் தள்ளு. வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? வலது சிலிண்டரின் முதுகில் 7/8 என்று வார்ப்பிலேயே எழுதியிருந்தது. அதன்மேல் அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்தது நீங்கள்தான்.

கோபம் ரொம்ப நாள் நிற்கவில்லை. காரணம், அடுத்த மாதமே நானும் அதே குழியில் விழுந்தேன். காரின் பெயர், மாடல், வருடம் எல்லாம் சொல்லி இடது சிலிண்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். பெட்டியின்மேல் என் காரின் பெயரே அச்சடித்து வந்தது. திறந்து அளந்தால் எட்டு நூல். உங்களுக்கும் இதே கதைதான் நடந்திருக்க வேண்டும். போல்ட் பொருந்தியது, பைப் பொருந்தியது, போட்டுவிட்டீர்கள்.

அன்றைக்குத்தான் காரின் பெயரைச் சொல்லித் தேடுவதை விட்டேன். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பிரேக்கைத் தாங்களே செய்ததில்லை. லாக்ஹீட், கேர்லிங், பெண்டிக்ஸ், வாக்னர் என்று சிலர் செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரே சிலிண்டர் ஒரு சொகுசுக் காரிலும் இருக்கும், சரக்கு வேனிலும் இருக்கும். அதனால் பாகத்தையே அளந்து ஒரு தாளில் எழுதினேன்: உள்விட்டம், போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு, பின்தட்டுக்குள் போகும் கழுத்து எவ்வளவு தடிமன், பைப் நட்டின் மரை என்ன, ஏர் எடுக்கும் திருகு எந்தப் பக்கம். அந்த ஐந்தையும் வைத்துப் பழைய கேட்டலாக்குகளைப் புரட்டியதில், என் காரின் பெயரே இல்லாத பக்கத்தில், அதே காலத்துச் சின்ன வேன் ஒன்றுக்குக் கீழே அந்தச் சிலிண்டர் இருந்தது.

வலப்பக்கத்துக்கு வாங்கவில்லை. உடல் நன்றாக இருந்தது, உள்சுவரில் மட்டும் துருப்பள்ளம். எமரி போட்டுத் தேய்த்தால் பள்ளம் போகும், அளவும் சேர்ந்து போகும். கடைசலில் உள்ளே குடைந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ், அதாவது மெல்லிய உள்குழாய், இறக்கி, பழைய 22.2-க்கே கொண்டுவந்தோம். கிடைக்காத பாகத்துக்காக ஒரு வருடம் அலைவதைவிட, கையில் இருப்பதற்கு ஸ்லீவ் போடுவது மேல் என்பது என் கட்சி.

டிக்கியில் நீங்கள் விட்டுப்போன தகரப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்தபோது புதையல் கிடைத்த சந்தோஷம். சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் கப்புகள், பிரிக்கவே பிரிக்காதவை, அசல் உறை, அசல் நம்பர். ஒன்றை எடுத்து நகத்தால் மடக்கினேன். உதட்டைச் சுற்றி முடிபோல வெடிப்பு. உறை புதிது, ரப்பர் கிழம். பழைய சரக்கில் இரும்பு, பித்தளை, ஸ்பிரிங் எது கிடைத்தாலும் வாங்கலாம். ரப்பர் மட்டும் நேற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். கப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டேன், மன்னியுங்கள். பெட்டியை வைத்துக்கொண்டேன்.

இனி, மன்னிக்க முடியாத ஒன்று. பின் ஆக்சிலின்மேல் பைப் இரண்டாகப் பிரியும் இடம். அங்கே மில்லிமீட்டர் கணக்கில் 10 மி.மீ. மரை போட்ட துண்டு ஒன்றை வைத்து, அதில் காரின் பழைய 3/8 அங்குல நட்டைத் திருகியிருக்கிறீர்கள். நட்டின் விட்டம் 9.5 மி.மீ.; மரைக்கு மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், கடைசியில் இறுகியதுபோலவும் காட்டும். பிடிப்பு மட்டும் இருக்காது. அது ஒழுக ஆரம்பித்ததும் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றியிருக்கிறீர்கள். பிரேக் பைப்பில் ஆயிலை நிறுத்துவது மரை இல்லை ஐயா, பைப்பின் விரிந்த வாய். வாய் உட்காராவிட்டால் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் ஒன்றுதான்.

இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான். எங்கே ஒரு நட்டு விட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்ந்து பிரேக் போய்விடும், பெடல் தரையைத் தொடும். 1921-இலேயே டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் இரட்டைச் சுற்றை அமெரிக்காவில் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க 1968 ஆனது. இடைப்பட்ட காலத்துக் கார்களை வைத்திருக்கும் நாம், ஒரு நட்டை நம்பித்தான் வண்டியை எடுக்கிறோம். பைப் முழுவதையும் செப்பு-நிக்கல் பைப்பாக மாற்றிவிட்டேன். பழைய துண்டு என் மேஜையில் கிடக்கிறது, யாராவது டேப்பைக் கையில் எடுத்தால் காட்டுவதற்கு.

எந்த பிரேக் ஆயில் ஊற்றினீர்கள் என்று ஒரு சீட்டாவது கட்டியிருக்கலாம். சாதாரண கிளைக்கால் வகையா, டாட் 5 என்கிற சிலிக்கோன் வகையா என்று தெரியாமல் மேலே ஊற்றக் கூடாது, இரண்டும் கலக்காது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துப் பழைய ஆயிலில் நாலு சொட்டு விட்டேன். கலக்கியதும் கரைந்து மறைந்தது. சிலிக்கோனாக இருந்தால் தனியாகப் பிரிந்து மிதந்திருக்கும். நல்லவேளை, கிளைக்கால். தண்ணீரோடு சேரும் அந்தக் குணம்தான் அதன் குறையும்: கிளைக்கால் வகையில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் விட்டுப்போன ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. அத்தனையையும் வடித்துவிட்டேன்.

சண்டை முடிந்தது. இனி நன்றி.

தேய்ந்த பிரேக் ஷூக்களை நீங்கள் தூக்கிப் போடவில்லை. எட்டையும் துணியில் சுற்றி, எது முன், எது பின் என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தீர்கள். பலர் இதைத்தான் முதலில் எறிவார்கள். லைனிங் எங்கும் கிடைக்கும், வளைந்த அந்த இரும்பு உடல்தான் கிடைக்காது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் காற்றடித்து ஊதாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துத்தான் அனுப்பினேன். (லைனிங் செய்வதைத் தொழிலாக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபுரூட்; 1897-இல் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்தால் வருவதுதான் அவர் கம்பெனியின் பெயர், ஃபெரோடோ.) நெய்த மாதிரி மென்மையான லைனிங்கையே கேட்டு வாங்கி ரிவெட் அடித்தேன். இந்தக் காலத்துக் கெட்டி லைனிங் இந்த டிரம்மில் சூடாகும்வரை பிடிக்காது, கால்தான் வலிக்கும்.

வண்டி இப்போது நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். இடது பின்சக்கரத்துக்குள் ஹேண்ட் பிரேக் கம்பி இழுக்கும் அந்தச் சின்ன நெம்புகோல் கம்பெனிப் பொருள் இல்லை, நீங்கள் கையால் ராவியது. ஓரத்தில் அரத்தின் கோடுகள்கூடத் தெரிகின்றன. இருந்தும் ஷூ உரசும் முனையில் தேய்மானமே இல்லை. வலப்பக்கத்து அசல் பாகம் பாதி தேய்ந்துவிட்டது. உங்களுடையதைப் பார்த்து நானும் ஒன்று ராவினேன்; இரண்டே மாதத்தில் முனை மழுங்கிவிட்டது. அந்த முனையைப் பழுக்கக் காய்ச்சி எதில் தோய்த்தீர்கள், தண்ணீரிலா எண்ணெயிலா?