எச்சில் துப்பிய எம்.பி.க்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மாத்யூ லயன் அவர்களுக்கு,

உங்களைப் பற்றி யார் எழுதினாலும் அந்த எச்சிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கிருந்தே வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1798 ஜனவரி 30, பிலடெல்பியா. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நீங்கள் வெர்மான்ட் மாநிலத்தின் உறுப்பினர். அமெரிக்க விடுதலைப் போரில் கோழை என்று விரட்டப்பட்டு, அவமானச் சின்னமாக மரக்கத்தி கட்டிக்கொண்டவர் நீங்கள் என்ற பழைய ஏளனத்தைச் சக உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட் கிளறினார். நீங்கள் அவர் முகத்திலேயே துப்பிவிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து அவர் கைத்தடியோடு வந்து உங்களைச் சாத்து சாத்தென்று சாத்த, நீங்கள் கணப்படுப்பு இடுக்கியைத் தூக்கினீர்கள். நாடாளுமன்றத்துக்குள்ளேயே! துப்பியது தப்புதான், அதில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆனால் அயர்லாந்திலிருந்து கப்பல் கூலிக்கு அடிமைச்சீட்டு எழுதிக்கொடுத்து வந்த பையன், ஒரு ஜோடிக் காளைக்குக் கைமாறியவன் என்கிறார்கள். அப்படி வந்தவருக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

சரி, அதை விடுங்கள். அதிபர் ஜான் ஆடம்ஸுக்குப் படாடோபத்திலும் முகஸ்துதியிலும் தீராத மோகம் என்று வெர்மான்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிது. கடிதத்தில் நீங்கள் போட்ட தேதி ஜூன் 20. அரசைப் பழித்தால் சிறை என்ற சட்டம் வந்ததோ ஜூலை 14. அச்சேறியது சட்டத்துக்குப் பிறகு. அவர்களுக்கு அது போதாதா? அக்டோபரில் தீர்ப்பு: நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம்.

வெர்ஜென்ஸ் சிறையில் 16 அடிக்கு 12 அடி அறை. மூலையில் கழிப்பிடம். ஆகஸ்ட் மாதத்து பிலடெல்பியா துறைமுகம் போல நாறுகிறது என்று எழுதினீர்கள், படித்தபோது எனக்கே மூக்கைப் பொத்தத் தோன்றியது. அந்த அறையில் இருந்தபடியே டிசம்பரில் மறுபடி ஜெயித்தீர்கள். உங்களைச் சபையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக் கிடைக்கவில்லை.

1801-இல் அடுத்த அதிபர் ஜெஃபர்சனா, பர்ரா என்று மாநிலத்துக்கு ஒரு ஓட்டாகப் போட்ட சபை 35 சுற்று இழுபறியில் கிடந்தது. 36-ஆவது சுற்றில் உங்கள் மாநிலத்தின் மற்றொரு உறுப்பினர் மோரிஸ் ஒதுங்கிக்கொள்ள, வெர்மான்ட்டின் ஓட்டு உங்கள் ஒருவர் கையில். ஜெஃபர்சனுக்குப் போட்டீர்கள். அப்புறம் கென்டக்கி போய் அங்கும் எம்.பி. ஆனீர்கள்.

இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஆர்கன்சாவில் கண்மூடியது 1822-இல். 1840-இல் காங்கிரஸ் அந்த அபராதத்தை உங்கள் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது, வட்டியோடு.

இப்படிக்கு,
உங்கள் கடிதங்களை இப்போதுதான் படித்து முடித்த ஒருவன்