கேஸ் முடியமுன்னம் ஏன் போட்டோ போடுறியள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நேற்று வெள்ளவத்தையில சலூன்ல இருக்கேக்க பக்கத்தில இருந்த தம்பி ஃபோனை நீட்டி "அண்ணை, இவன்தான் கொலைகாரன்" எண்டு ஒரு பெடியன்ட போட்டோவைக் காட்டினார், கையில விலங்கு, ஒரு கண் வீங்கி மூடிப்போய் இருக்கு, கேஸ் விளக்கத்துக்கே வரேல்ல, கீழ தூக்கில போடுங்கோ எண்டு கொமெண்ட் மேல கொமெண்ட்.

எனக்கு உடனே 2015ல கொட்டதெனியாவ ஊரில ஒரு சின்னப் பிள்ளையைக் கொலை செய்த கேஸ்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கொலையில 17 வயசு ஸ்கூல் பெடியனைப் பிடிச்சவை, படம் எல்லா இடமும் ஓடினது, பொலிஸ் அடிச்சது எண்டு அவன் சொன்னான், கடைசியில டிஎன்ஏ பொருந்தேல்ல எண்டு விட்டாச்சு. பிறகு 2016ல நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் வேற ஒராளுக்கு மரண தண்டனை குடுத்தது. படத்தை ஷேர் பண்ணின ஆக்கள் அந்தப் பெடியனிட்ட போய் மன்னிப்புக் கேட்டவையோ?

சாதாரண கேஸில பொலிசுக்குக் குற்றத்தை ஒத்துக்கொண்டதைக் கோர்ட்டில சாட்சியா வைக்கேலாது, சாட்சியச் சட்டம் 25ம் பிரிவு. அடிச்சுச் சொல்ல வைக்கலாம் எண்ட பயத்திலதானே அப்பிடி வச்சிருக்கினம். ஆனா அதே கதை இரவு நியூஸில வருது!

ஐயா, தீர்ப்பு வரும்வரைக்கும் உங்கட பேப்பரிலயாவது 'சந்தேகநபர்' எண்டு மட்டும் போடுங்கோ, முகத்தைப் போடாதேங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்